பாட்டுக் கேட்கப் போய்க் காதை அடைத்துக்கொண்ட கதை

எங்க வீட்டுக்காரர் ஃபேன் ஓடாமல் தூங்க மாட்டார். குளிர் நடுக்கும் ராத்திரியிலும் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஃபேனை ஓடவிட்டுத்தான் படுப்பார். காற்றுக்காக இல்லை, சத்தத்துக்காக. அவருடைய இடது காதில் இரண்டு வருடமாக ஒரு 'கீ...' ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் அமைதியானால் அது பெரிதாகிவிடும். ஃபேன் சத்தம் அதைக் கொஞ்சம் மூடி மறைக்கும்.

அது வந்த கதை சின்னது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடைக்கால இசைத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் போனோம். மேடைக்கு முன்னால் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டால்தான் அவருக்குப் பாட்டு. அன்றைக்கு இடம் கிடைத்தது இடது பக்க ஸ்பீக்கர் அடுக்குக்குக் கீழே. நான் அரை மணி நேரத்தில் பின்னால் போய்விட்டேன். அவர் கடைசிப் பாட்டுவரை அங்கேயே நின்றார். திரும்பி வரும்போது நான் பேசுவதெல்லாம் தலையணைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார். வலது காது சொன்ன பேச்சு கேட்டது. இடது காது கேட்கவில்லை.

டாக்டர் ரொம்ப நிதானமாகத்தான் சொன்னார். உள்காதில் ஒலியை வாங்குகிற மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். பிறக்கும்போது வந்ததோடு சரி. செத்துப்போனால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. இரைச்சலை அடியோடு நிறுத்த மருந்து கிடையாது, பழகிக்கொள்ளலாம், இனிமேல் காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

போன வருடம் திருவிழாப் பக்கமே போகவில்லை. இந்த வருடம் அவருக்குப் பிடித்த ஒரு குழு வருகிறது என்று தெரிந்ததும் மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போகலாம், ஆனால் காதை அடைத்துக்கொண்டுதான் என்று நான் சொன்னேன்.

"ஏம்மா, பாட்டுக் கேட்கப் போற இடத்துல யாராவது காதை அடைச்சுக்குவாங்களா?"

"சாமி கும்பிடப் போற இடத்துல கண்ணை மூடிக்கிறதில்லையா?"

பதில் வரவில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி இயர்பிளக் வாங்கினேன். இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. இந்த வகையில் பல பேர் செய்கிறார்கள், உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நாள் முழுக்க வெயிலில், வியர்வையில், கூட்டத்தில் போட்டிருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது.

முதலில் இது எந்த வகை என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விரலால் உருட்டிக் காதுக்குள் விட்டால் ஊதிக்கொண்டு நிற்குமே, அந்த ஃபோம் பிளக் எல்லா இடத்திலும் கிடைக்கும். சத்தத்தை நன்றாகவே குறைக்கும். குறை என்னவென்றால் மேல்ஸ்தாயி ஒலிகளை அதிகமாகவும் கீழ்ஸ்தாயி ஒலிகளைக் குறைவாகவும் வெட்டும். அடுத்த அறையில் பாட்டு ஓடும்போது கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது மாதிரி ஆகிவிடும். தும் தும் என்று பேஸ் மட்டும் வரும், பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்றே தெரியாது. "இயர்பிளக் போட்டால் இசை செத்துப்போகும்" என்கிறவர்கள் எல்லாரும் இதைப் போட்டுப் பார்த்தவர்கள்தான்.

நான் வாங்கியது ஃபில்டர் வைத்த வகை. மெத்தென்ற சிலிகான் முனை, அதன் நடுவே ஒரு துளை, துளையில் பொட்டு மாதிரி ஒரு ஃபில்டர். எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது, செய்வது அப்படி இல்லை. திறந்திருக்கும் காதுக் குழாயே ஒரு புல்லாங்குழல் மாதிரி, 2,700 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளைத் தானாகவே கூட்டிக் கொடுக்கிறது. அதன் வாயை அடைத்ததும் அந்தக் கூட்டல் போய்விடும். போனதைத் திரும்பக் கொடுக்கத்தான் ஃபில்டர். அமெரிக்காவில் மீட் கில்லியன் என்ற ஒலியியல் பொறியாளர் 1980களின் கடைசியில் இசைக் கலைஞர்களுக்காக இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். ஈஆர்-15 என்று பெயர், 15 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கும். அது காதுக்கு அச்செடுத்துச் செய்வது. எங்களுடையது அந்த யோசனையின் ரெடிமேட் தம்பி.

பெட்டியில் 18 டெசிபல் என்று போட்டிருந்தது. அது ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காகப் போட்டுவிட்டு அளந்த கணக்கு. நாமே அவசரத்தில் செருகிக்கொண்டால் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் மனசுக்குள் 15 என்று வைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பழகிப் பார்த்தோம். இதை யாரும் தவிர்க்காதீர்கள். வலது காதில் போட, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காது மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் வளைவு நேராகும். வலது கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும். கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் தலைக்கு மேல் கையை வளைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எங்களுக்கே சிரிப்பு. சரியாக உட்கார்ந்ததா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது: நம் குரலே நமக்குக் குடத்துக்குள் பேசுவது மாதிரிக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு முனைகள். எனக்கு வலது காதில் நடுத்தரம் கச்சிதமாக உட்கார்ந்தது. இடது காதில் அதே அளவு, கொட்டாவி விட்டதும் வெளியே துள்ளிவிட்டது. சின்னதை மாட்டியதும் சரியாகிவிட்டது. நாற்பத்தாறு வருடமாக என் இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டு பக்கமும் பெரியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம். மைதானத்துக்குள் நுழையும்போது உச்சி வெயில். மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டி, பைகளைச் சோதித்து, உள்ளே விட முக்கால் மணி நேரம். நிழல் என்று சொல்லிக்கொள்ள மைதானத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் மரங்கள். தண்ணீர் பிடிக்க வரிசை, கழிப்பறைக்கு வரிசை, எந்த வரிசை எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஒரு வரிசை. இதெல்லாம் எங்கும் இருப்பதுதான், விடுங்கள்.

பிளக்கின் முதல் குறை அங்கேதான் தெரிந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் தாராளமாக சன்ஸ்கிரீன் பூசிய கையோடு பிளக்கை எடுத்தேன். சிலிகான் மேல் அந்தப் பசை பட்டதும் அது மீன் மாதிரி வழுக்கியது. காதுக்குள் போகிறது, நிற்கவில்லை. இரண்டாவது முறை விரலிலிருந்தே நழுவிப் புல்லில் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் குந்தித் துழாவுவதைப் பார்த்து ஒரு பெண் நின்றாள்.

"தோடு விழுந்துடுச்சா ஆன்ட்டி?"

"காது சமாச்சாரம்தான்மா, ஆனா தோடு இல்ல" என்றேன்.

அவளும் குனிந்து தேடினாள். கண்டுபிடித்ததும் அவள்தான். வலது பக்கத்துக்கானதின் தண்டு சிவப்பு, அதனால் பச்சைப் புல்லில் பளிச்சென்று தெரிந்தது. காது பரிசோதிக்கிற இடங்களிலும் வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்றுதான் வைத்திருப்பார்கள். ஆக, முதலில் பிளக்கைப் போட்டுவிட்டு அப்புறம் சன்ஸ்கிரீன் பூசுங்கள். இல்லையென்றால் விரலை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் தொங்குகிற மாதிரி கயிறு வைத்த மாடலும் உண்டாம். அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன்.

எங்கே நிற்பது என்பது எங்களுக்குள் பழைய சண்டை. அவருக்கு முன் வரிசை, எனக்குப் பின்னால். இந்த முறை பேசித் தீர்த்துக்கொண்டு, மேடை ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவி வைத்திருக்கும் கூடாரத்துக்குச் சற்று முன்னால் நின்றோம். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒலிப் பொறியாளர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதானே எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார்? அவர் கேட்பதை நாமும் கேட்டுவிட்டுப் போகலாம். முன் வரிசைக்காரர்களுக்குத் தலைக்கு மேலே பறந்துபோகிற ஒலியும் உண்டு, காலடியில் அடுக்கிய பேஸ் பெட்டிகளின் இடியும் உண்டு. பாட்டு முழுசாகச் சேர்வது கொஞ்சம் தள்ளித்தான்.

இன்னும் பின்னால் போனால் வேறு தொல்லை. ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகிறது. 100 மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸ் குச்சி இறங்கிக் கால் விநாடிக்கு மேல் ஆன பிறகுதான் அடி காதுக்கு வரும். போதாததற்குப் பகல் வெயிலில் தரையை ஒட்டிய காற்று சூடாகி, ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுகிறது. மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் பின்னால் போனபோது பாட்டு காற்றோடு வந்து வந்து போனது. இருட்டிய பிறகு அதே இடத்தில் கணீரென்று கேட்டது. தரை குளிர்ந்ததும் ஒலி கீழ்நோக்கி வளையும். திருவிழா நடக்கும் ராத்திரிகளில் தூரத்து வீடுகளிலிருந்து புகார் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பிளக்கோடு பாட்டு எப்படி இருந்தது?

முதல் பாட்டில் எனக்கு ஏமாற்றம்தான். யாரோ வால்யூமைக் குறைத்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு மூன்று பாட்டுக்குள் காது பழகிவிட்டது, அப்புறம் ஆச்சரியம். சிம்பலில் குச்சி படும் 'டிக்' தனியாக, அதற்குப் பின்னால் நீண்டு போகும் 'ஸ்ஸ்' தனியாகக் கேட்டது. வழக்கமாக அந்த இரண்டும் சேர்ந்து பாத்திரக் கடையில் கல் விழுந்த மாதிரி இருக்கும். பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதுகூடத் தெரிந்தது. பேஸ் எங்கேயும் போகவில்லை, நெஞ்செலும்பிலும் செருப்புக்கு அடியிலும் ஏறுகிற அதிர்வை எந்தப் பிளக்கும் தடுக்காது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். சாமி கும்பிடும் கணக்குச் சரியாகப் போயிற்று.

பேச்சு விஷயத்தில் மட்டும் ஒரு கோணல். பிளக் போட்டால் நம் குரல் எலும்பு வழியாக நமக்குப் பெரிதாகக் கேட்கிறது, அதனால் நம்மை அறியாமல் குரலைத் தாழ்த்திவிடுகிறோம். இரண்டு பேரும் கத்துவதாக நினைத்துக்கொண்டு ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். "என்னங்க, தண்ணி இருக்கா?" என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அவர் "ஆமா, நல்லா வாசிக்கிறான்" என்றார். வேண்டுமென்றே கொஞ்சம் கத்திப் பேசினால் நன்றாகவே கேட்கிறது. பிளக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்துவதைவிட எவ்வளவோ தேவலை.

இருட்டிய பிறகு அவர் காத்திருந்த குழு வந்தது. ஃபோனில் இருந்த டெசிபல் ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஃபோன் மைக்கை முழுசாக நம்ப முடியாது, இருந்தாலும் 102 பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது பாட்டு, அவருடைய பாட்டு. முதல் கிடார் வரி வந்ததும் அவர் கை காதுக்குப் போனது.

"இந்த ஒண்ணுக்கு மட்டும்மா."

"ஒண்ணுன்னா எவ்வளவு நேரம்?"

"ஒரு எட்டு நிமிஷம் வரும்."

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க நிறுவனமான நியோஷ் சொல்வது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91க்கு 2, இப்படியே இறங்கி 100ல் 15 நிமிடம். 102ல் பத்து நிமிடத்தைத் தொடுவதற்குள் அன்றைய கோட்டா தீர்ந்துவிடும். பிளக் 15 டெசிபலைத் தின்றுவிட்டால் காதுக்குள் போவது 87, அதைக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் தாங்கலாம். ஆக, அந்த எட்டு நிமிடப் பாட்டு சாயங்காலம் முழுக்கச் சேர்த்து வைத்ததை ஒரே வீச்சில் செலவழித்துவிடும். நாள் முழுக்கக் குடை பிடித்துவிட்டு, மழை கொட்டும்போது மடக்குவது மாதிரி.

இவ்வளவையும் அங்கே கத்திச் சொல்ல முடியுமா? கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன், அவ்வளவுதான். அவரும் விட்டுவிட்டார். போகுமுன்பே அவரிடம் ஒரு ஆய்வைப் படித்துக் காட்டியிருந்தேன். நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2015 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு திறந்தவெளி விழாவுக்கு 51 பேரைக் கூட்டிப்போனார்கள். பாதிப் பேருக்கு இயர்பிளக், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். முடிந்ததும் செவியைச் சோதித்தால், அடைக்காதவர்களின் காதுகளில் 42 சதவீதத்துக்குத் தற்காலிகமாகக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அடைத்தவர்களின் காதுகளில் 8 சதவீதம். புதிதாகக் காதில் இரைச்சல் வந்தவர்கள் அடைக்காதவர்களில் 40 சதவீதம், அடைத்தவர்களில் 12. அந்த 12 ஏன் என்றுதான் அவர் கேட்டார். பூஜ்யம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன்.

இப்போது ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டு முடிந்து கூட்டம் ஆரவாரம் செய்யும்போது, பிளக் இல்லாமல் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க எனக்கே ஆசை வந்துவிட்டது. நைஸாக வலது பக்கத்தைக் கழற்றினேன். அடுத்த பாட்டின் முதல் அடி கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. ஐந்து விநாடி இருந்திருக்குமா? அவசரமாகத் திரும்பச் செருகும்போது அவர் பார்த்துவிட்டார். வீடு வந்து சேரும்வரை அதே பேச்சு.

விழா நடத்தியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022ல் ஒரு தரநிலை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, வருகிறவர்களுக்குக் காதுப் பாதுகாப்புக் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் வேண்டும் என்கிறது. எங்கள் திருவிழாவில் தகவல் கூடாரத்தில் இலவச ஃபோம் பிளக் உண்டு என்று பலகை இருந்தது. மூன்று மணிக்கே டப்பா காலி. 'அமைதிப் பகுதி' என்று எழுதிய இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கோடு அங்கே உட்கார்ந்து பத்து நிமிடம் காலை நீட்டிக்கொண்டோம்.

மற்ற குறைகள்: வியர்வை அதிகமானால் முனை மெல்ல மெல்ல நழுவுகிறது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது அழுத்திவிட வேண்டியிருந்தது. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு இடது காதுக் குழாயில் லேசான அரிப்பு. ஃபில்டர் ரொம்பச் சின்னது, குறும்பி ஏறினால் அடைத்துக்கொள்ளும்போல் இருக்கிறது. காதில் சீழோ வலியோ இருக்கிறவர்கள் இதையெல்லாம் செருகுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் அலுமினியக் குப்பி மட்டும் அருமை, இரண்டு ஜோடியும் அதற்குள் அடங்கிவிட்டன. எனக்கு ஐந்துக்கு நாலு. அவர் நாலரை என்கிறார். அரை மதிப்பெண் நான் புல்லில் தேடியதற்காகக் குறைத்தது.

மறுநாள் காலையில் காபிக்கு முன்னாலேயே கேட்டேன். "காது எப்படிங்க இருக்கு?"

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார். "பழைய பாட்டுதான் ஓடுது. புதுசா எதுவும் சேரல."

ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, சிலிகான் முனைகளை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி ஜன்னல் ஓரத்தில் காயவைத்தேன். ஈரத்தோடு குப்பிக்குள் போட்டால் நாற்றமடிக்கும். பெரியது இரண்டு, நடுத்தரம் ஒன்று, சின்னது ஒன்று. மதியம் பார்த்தால் சின்னதைக் காணோம். இந்த முறை பச்சைப் புல்லும் இல்லை, சிவப்புத் தண்டும் இல்லை, சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.